தலையெழுத்தும் தாளெழுத்தும்

"வாத்தியார் தம்பி, கொஞ்சம் இதைப் பார்த்துச் சொல்லுங்க. இந்தக் காகிதத்திலே என் சம்சாரம் இருக்கிறாளா, இல்லையா?"

கேட்டவருக்கு வயது எண்பதுக்கு மேல். கேட்ட இடம், வாழப்பாடியிலே நாம் பணியாற்றும் பள்ளியின் திண்ணை. மாலை மணி அடித்து, மாணவர் கூட்டம் கலைந்து, பாக்குத் தோப்புகளின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருந்த நேரம். முதுகு வளையவில்லை அவருக்கு, குரல் தளரவில்லை. நாம் உட்காரச் சொல்லும் வரையில் அவர் உட்காரவுமில்லை. பட்டாளத்துக்காரர் என்பதை அவர் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை!

1962இல் சீனப் போர் மூண்டது; அதற்கடுத்த ஆண்டு படையிலே சேர்ந்தவர். 1965இல் போர், 1971இல் போர். இரண்டின்போதும் எல்லையிலே இருந்தவர். பதினைந்து ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பி, மரவள்ளி பயிரிட்டு, மக்களை வளர்த்து, இன்று ஓய்வூதியத்தில் வாழ்கிறார். அவர் கொண்டுவந்த மஞ்சள் பையிலே டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தது. ஓய்வூதிய ஆணை இருந்தது. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை எல்லாம் இருந்தன. அத்தனையும் பார்த்தோம். அத்தனையிலும் அவருடைய மனைவியின் பெயர் இருந்தது. ஆனால் ஒன்றில் இருந்தது போல மற்றொன்றில் இல்லை!

அந்த அம்மையாரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதிலே ஒரு ழகரம் உண்டு என்று சொன்னால் போதும். தமிழன் நாவிலே இனிக்கும் அந்த எழுத்து, ஆங்கிலத் தாளிலே ஏறும்போது படும் பாட்டை நாடறியும். ஒருவர் 'எல்' போடுவார். ஒருவர் 'இசட்' போட்டு 'எச்' சேர்ப்பார். நம் வாழப்பாடியின் பெயரே இரண்டு விதமாக எழுதப்படுகிறது. ஊருக்குக் கேடில்லை, எப்படி எழுதினாலும் வசிட்ட நதிக்கரைப் பக்கத்திலே அது இருந்த இடத்தில்தான் இருக்கும். பெண்ணுக்கு அப்படியா? படையின் பதிவேட்டிலே அவர் பெயரின் ழகரம் வேறு எழுத்தாகிவிட்டது. பெயரின் பின்பாதி வெட்டுண்டு போய்விட்டது. வயதிலே பதினோராண்டு கூடிவிட்டது.

பெரியவர் உயிரோடு இருக்கும்வரை தொல்லையில்லை. பணம் அவர் பெயருக்கு வருகிறது. அவர் கண் மூடிய பிறகு குடும்ப ஓய்வூதியம் யாருக்குப் போகும்? தாளில் உள்ள பெயருக்கு! தாளில் உள்ள பெயருக்கு உரியவள் யார்? அப்படி ஒருத்தி இந்த மண்ணிலே பிறக்கவே இல்லை. பிறக்காதவள் வந்து கையெழுத்திட்டால் பணம் தருவார்கள். அறுபதாண்டு நெருங்கும் இல்வாழ்க்கை நடத்தி, கணவன் எல்லையில் இருந்தபோது கன்றையும் காட்டையும் காத்தவள் போய் நின்றால், நீ யார் என்று கேட்பார்கள்!

திருத்திக் கொடுங்கள் என்று பெரியவர் எழுதினார். ஒரு முறையல்ல, பல முறை. திருமணப் பதிவுச் சான்று கொண்டு வா என்று பதில் வந்தது. பெண் வீட்டுப் பந்தலிலே ஊர் கூடி நடந்த திருமணம் அது, பதிவேடு ஏது? பள்ளிச் சான்று கொண்டு வா என்றது அடுத்த பதில். பள்ளிவாசலையே மிதிக்காதவருக்குச் சான்று யார் தருவது? எங்கள் ஆவணத்தின்படி எங்கள் ஆவணம் சரியாக உள்ளது என்னும் பொருள்பட வந்தது கடைசிப் பதில்.

அந்தக் கடைசிப் பதில்தான் நம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

அன்று எழுதினவன் அழித்து எழுதமாட்டான் என்பது பழமொழி. பிறக்கும்போதே மண்டையோட்டிலே எழுதியாகிவிட்டது, அழுதாலும் தொழுதாலும் மாறாது என்று சொல்லிச் சொல்லியே ஏழையை ஏழையாக வைத்திருந்தார்கள். எழுதியவன் யார், எப்போது எழுதினான், எதைக் கொண்டு எழுதினான், பார்த்தவர் உண்டா என்று கேட்டோம் நாம். எழுதியிருக்கிறது என்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது என்றோம். மேடையிலே முழங்கினோம், மன்றங்களிலே வாதாடினோம். நன்று. ஆனால் தோழர்களே, தலையெழுத்தை மறுத்த நாம் தாளெழுத்தின் முன்னே ஏன் கைகட்டி நிற்கிறோம்? எழுதப்பட்டதும் இருப்பதும் முரண்பட்டால் எதை நம்புவது? பிழை எழுதியது ஒரு கை. அதைப் பிழை என்று மெய்ப்பிக்கும் சுமை வேறொரு தலையிலா?

முதலிலே, இந்த எழுத்துகள் பிறந்த கதையைப் பார்ப்போம். பிரமன் எழுதியதல்லவே இவை! எழுதிய கைகளை நாம் அறிவோம். அவற்றில் முதற்கை, நம்மைப் போன்ற ஆசிரியனுடைய கை.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன்னே நாட்டுப்புறத்தில் பிறந்த குழந்தையின் தேதியைக் குறித்து வைத்தவர் சிலர். பெரும்பாலோர்க்கு அது பெருமழை பெய்த ஆண்டு, அம்மை கண்ட ஆண்டு, பாட்டன் இறந்த ஆண்டு. பையனைப் பள்ளிக்கு அழைத்து வருவார்கள். வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் ஆசிரியர். தொட்டுவிட்டால் வயது ஐந்து! ஐந்து நிறையும்படி ஒரு தேதியைக் கணக்குப் பார்த்து எழுதிக்கொள்வார். அந்தத் தேதியே பள்ளியிறுதிச் சான்றுக்குப் போகும். அங்கிருந்து பட்டாளத்துக்குப் போகும். அங்கிருந்து ஓய்வூதிய ஆணைக்குப் போகும். காதைத் தொட்ட கை கிழவனின் கையான பின்னும் அந்தத் தேதி மாறாது.

இரண்டாவது கை, படையிலே உள்ள எழுத்தருடையது. ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு பதிவு அலுவலகம் உண்டு. சென்னைப் படைப்பிரிவான மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரியின் வெலிங்டனில் இருப்பது போல. சேர்ந்த நாள், ஊர், தந்தை பெயர், திருமணம், குழந்தை பிறப்பு, காயம், நோய் எல்லாம் அங்கே உள்ள ஏட்டிலே ஏறவேண்டும். திருமணமானால் அதை அறிவிக்க வேண்டும். அறிவித்தது 'பார்ட் டூ ஆர்டர்' எனப்படும் ஆணையாக வெளிவர வேண்டும். முறை நல்ல முறைதான். ஆனால் சேலத்துச் சிற்றூரிலிருந்து போன பதினெட்டு வயது இளைஞன், தமிழறியாத எழுத்தரின் முன் நின்று, மனைவியின் பெயரை வாயால் சொல்கிறான், அவர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுகிறார், இவன் கையெழுத்திடுகிறான். சரியா என்று பார்த்தானா? பார்க்கும் மொழியா அது?

இங்கே ஒரு தடைவிடை எழுகிறது. அதைத் தட்டிவிட்டுப் போவது பகுத்தறிவாகாது. கேட்டவருக்கெல்லாம் கேட்டபடி திருத்தினால் ஏடு எதற்கு? ஓய்வு நெருங்கும்போது வயதைக் குறைப்பவன் வருவான். இல்லாத மனைவியை இருப்பதாகக் காட்டுபவன் வருவான். செய்யாத பணியைச் செய்ததாகச் சொல்பவன் வருவான். ஏட்டை நம்பாதே என்றால் பொய்யனுக்குத்தானே கொண்டாட்டம்? நியாயமான கேள்வி. நடுவணரசுப் பணியாளர் தம் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதானால் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் கேட்க வேண்டும் என்று விதி செய்திருப்பதற்கும் காரணம் இதுவே. ஒருவர் ஓராண்டு கூடுதலாகப் பதவியில் இருந்தால், அடுத்து வரவேண்டிய பலர் காத்துக் கிடக்க வேண்டும்.

இதிலே படைத்தலைவரே சிக்கிய கதையும் உண்டு. 2010 மார்ச் முதல் 2012 மே வரை இந்தியத் தரைப்படையின் தலைவராக இருந்தவர் தளபதி வி.கே.சிங். படைத் தலைமையகத்தின் ஒரு பிரிவின் ஏட்டிலே அவர் பிறந்தது 1951 மே 10. மற்றொரு பிரிவின் ஏட்டிலே 1950 மே 10. ஒரே மனிதர், ஒரே தலைமையகம், இரண்டு பிறப்புகள்! பள்ளியில் படிக்கும்போது, படைக்கல்விக் கழகத்தில் சேர நிரப்பிய படிவத்திலே புகுந்த பிழை அது என்பது அவர் தரப்பு. 1951 என்பதையே ஏற்க வேண்டுமென்று கேட்டார், அரசு மறுத்தது. பதவியில் இருக்கும் படைத்தலைவர் ஒருவர் அரசை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது அதுவே முதல் முறை. 1950 என்பதை நீரே முன்னர் எழுத்தில் ஏற்றிருக்கிறீரே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. 2012 பிப்ரவரி 10இல் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு மே மாதக் கடைசியில் ஓய்வு பெற்றார்.

தளபதிக்கே நடக்காதது சிப்பாய்க்கு நடக்குமா என்பர் சிலர். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். இரண்டும் ஒன்றல்ல. தளபதியின் வழக்கிலே தேதி மாறினால் பதவிக்காலம் மாறும். பிறர் வாய்ப்பும் மாறும். மேலும், அவர் ஏட்டைப் படிக்கத் தெரிந்தவர்; படித்து, அறிந்து, எழுத்திலே ஏற்றவர். நம் பெரியவர் எதை ஏற்றார்? தமக்குத் தெரியாத மொழியிலே, தமக்குப் படித்துக் காட்டாத தாளிலே, காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். அறியாமல் இட்ட கையெழுத்தை ஒப்புதல் என்பது, உறங்குபவன் தலையாட்டியதை வாக்குறுதி என்பது போலாகும். மேலும், அவர் மனைவியின் பெயரைத் திருத்தினால் யாருடைய பதவி போகும்? யார் வாய்ப்புக் கெடும்? கூடுதலாக ஒரு காசும் அவர் கேட்கவில்லையே! உரியது உரியவளுக்குப் போகட்டும் என்கிறார். பிறருக்குரியதைப் பறிக்கும் திருத்தம் வேறு. இன்னார் இன்னார்தான் என்று காட்டும் திருத்தம் வேறு. இரண்டையும் ஒரே கோலால் அளப்பது நேர்மையன்று, சோம்பல்.

அடுத்த கேள்வி: மெய்ப்பிக்கும் சுமை யாருடையது?

நம் நாட்டுச் சட்டமே இதற்கு ஓரிடத்தில் அழகான விடை தந்திருக்கிறது. படையிலே இருந்தபோது நோய் கண்டு வெளியேற்றப்பட்டவர்கள் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்டபோது, இந்நோய் படைப்பணியால் வந்ததென்று நீயே மெய்ப்பி என்று விரட்டிய காலம் இருந்தது. தரம்வீர் சிங் என்பவர் வழக்கிலே 2013 ஜூலை 2இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. படையிலே சேர்க்கும்போது அவனைச் சோதித்தீர்கள். நோய் இருப்பதாக ஏட்டிலே குறிக்கவில்லை. ஆகவே நலத்தோடு வந்தான் என்றே கொள்ள வேண்டும். பின்னர் வந்த நோய் பணியால் வந்ததன்று என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டியது நீங்கள். ஐயம் இருந்தால் அதன் பயன் வீரனுக்கே. இதுதான் தீர்ப்பின் சாரம். ஏட்டை எழுதுவது யாரோ, ஏட்டின் குறைக்கும் அவரே பொறுப்பு என்னும் அறம் அதிலே இருக்கிறது.

நேதாஜியின் இந்திய தேசியப் படைக்கு வருவோம். மலேயாவிலே ரப்பர்த் தோட்டங்களில் பால் வடித்துக்கொண்டிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதிலே சேர்ந்தனர். தோற்ற படை அது. ஏடுகளைக் கட்டுக்கட்டாக யார் காத்து வைத்திருப்பர்? விடுதலை வீரர்க்கு ஓய்வூதியம் என்று நடுவணரசு 1972இல் திட்டம் கொண்டுவந்தபோது, பர்மாக் காட்டிலே பட்டினி கிடந்தவர்களிடம் சிறைச்சான்று கேட்டனர், காலங்கடந்து வந்தாய் என்றனர். உச்சநீதிமன்றம் 1993இல் முகுந்த்லால் பண்டாரி வழக்கிலே, விண்ணப்பம் பிந்தியது என்பதற்காக உண்மையானவரை ஒதுக்கலாகாது என்றது. 2001இல் குர்தியால் சிங் வழக்கிலே, கொலைக் குற்றத்தை மெய்ப்பிப்பது போல் ஐயந்திரிபற மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நடந்திருக்கக்கூடியது எது என்று பார்த்தால் போதும் என்றது. அப்படியும் என்ன ஆயிற்று? மாநில அரசின் ஓய்வூதியத்துக்காக முப்பதாண்டுகளுக்கு மேல் அலைந்த இந்திய தேசியப் படை வீரர் ஒருவருக்கு, 89ஆம் வயதிலே, 2018இல்தான் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதி கிடைத்தது. அவர் நடக்க நேர்ந்ததற்காக நீதிபதியே வருந்தினார். நீதிபதி வருந்தியது பெருந்தன்மை. அலைய வைத்த கோப்புகள் வருந்தினவா?

ஏடு இல்லையென்றால் உண்மையும் இல்லையா? அமெரிக்க நாட்டிலே நடந்ததைக் கேளுங்கள். 1973 ஜூலை 12இல் செயின்ட் லூயிஸ் நகரிலே, படைவீரர் ஆவணங்கள் வைத்திருந்த கட்டடம் தீப்பற்றியது. அழிந்தவை ஒரு கோடியே அறுபது இலட்சம் முதல் ஒரு கோடியே எண்பது இலட்சம் வரையிலான வீரர்களின் கோப்புகள்! 1912க்கும் 1960க்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டோரின் ஆவணங்களில் நூற்றுக்கு எண்பது போயின. படி எடுத்து வைக்கவில்லை. சாம்பலைக் காட்டி, ஆவணம் இல்லை, ஆகவே நீ வீரனுமில்லை என்று அந்த அரசு சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. சம்பளச் சீட்டுகள், மருத்துவமனைக் குறிப்புகள், வேறு அலுவலகங்களில் கிடந்த தாள்கள் ஆகியவற்றைத் தேடிப் பொறுக்கி, வீரர்களின் வரலாற்றை மீண்டும் கட்டினர். ஒரு தாள் ஊமையானால் ஒன்பது தாள்களைப் பேச வைக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் அதைத் தேடியது யார்? ஆவணத்தை இழந்த அரசு. இங்கே தேடவேண்டியவர் எண்பது வயதுக் கிழவர்!

அந்நாட்டிலே 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே படை ஆவணங்களைத் திருத்தும் வாரியங்கள் அமைந்தன. எதற்காகத் திருத்தலாம் என்பதற்கு அச்சட்டம் இரண்டு காரணம் சொல்கிறது: பிழையைத் திருத்த, அநீதியை நீக்க. மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும் என்கிறது; நீதியின் பொருட்டு அக்கெடுவைத் தள்ளிவைக்கலாம் என்றும் சொல்கிறது. அங்கே எல்லாம் பொன்னுலகம் என்று நாம் சொல்ல வரவில்லை. முதல் உலகப் போரிலே, 1918 மே மாதத்து இரவொன்றில், எதிரிக் கூட்டத்தைத் தனித்துத் தடுத்து இருபத்தொரு காயம் பட்டவர் ஹென்றி ஜான்சன் என்னும் கறுப்பு வீரர். அவரை விடுவித்த தாளிலே காயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை! காயம் உடலில் இருந்தது, தாளில் இல்லை. 1929இல் வறுமையிலே மறைந்தார். அந்நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கம் 2015இல் அவர் பெயருக்குத் தரப்பட்டது. இறந்து எண்பத்தாறு ஆண்டு கழித்து! திருத்தம் என்பது உயிரோடு இருப்பவனுக்குச் செய்ய வேண்டியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயர்தானே, ஓரெழுத்துத்தானே என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். நம் மண் வீரனின் பெயரை எப்படிக் காத்தது தெரியுமா? நமக்கு வடக்கே தருமபுரியிலும் செங்கம் பகுதியிலும் வயல்வரப்போரம் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய சேவகன், எதற்காகப் போரிட்டுப் பட்டான் என்று வட்டெழுத்திலே வெட்டி வைத்தனர். எடுத்தனூரிலே மகேந்திரவர்மனின் 34ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல் உண்டு. அதிலே, மாண்ட வீரனின் பெயர் மட்டுமல்ல, கள்ளரைக் கடித்துத் துரத்திக் காவல் நின்ற அவனுடைய நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன்! ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அந்த நாயின் பெயரில் ஓரெழுத்துக் குறையவில்லை.

இதற்கு எதிராக இன்னொரு கல்லையும் நினைத்துப் பாருங்கள். முதல் உலகப் போரிலே மெசபொடேமியாவில் மாண்டவர்களுக்காக, ஈராக்கின் பாசுராவிலே 1929இல் நினைவுச் சின்னம் திறந்தார்கள். வெள்ளை வீரருக்குப் பெயர் வெட்டினார்கள், இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள், இந்தியச் சிப்பாய்களுக்கு? படைப்பிரிவின் பெயரும் மாண்டவர் எண்ணிக்கையும்! பெயர்கள் வேறோர் ஏட்டிலே. காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021 ஏப்ரலிலே வெளியிட்ட அறிக்கை, இப்படிச் சமமாக நினைவுகூரப்படாதவர் 45,000 முதல் 54,000 வரை என்றும், பெயரே குறிக்கப்படாமலோ நினைவே கூரப்படாமலோ போனவர் குறைந்தது 1,16,000 என்றும், அது 3,50,000 வரையிலும் இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொண்டது. பெரும்பாலோர் ஆசியரும் ஆப்பிரிக்கரும். பிரிட்டன் அரசு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டுக்கு முந்திய ஏட்டின் பிழையைப் பேரரசாக இருந்த நாடே ஒப்புக்கொள்கிறது. ஐம்பதாண்டுக்கு முந்திய ஓரெழுத்தை ஒப்புக்கொள்ள நம் கோப்புக்கு ஏன் கூச்சம்?

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுதாமல் விடக்கூடாத ஒன்றும் இருக்கிறது. அலுவலகத்தைக் குறைகூறுவது எளிது. நம் பேனா என்ன செய்தது?

பணியிலே சேர்ந்த இரண்டாம் ஆண்டு. ஒரு மாணவியின் சான்றிதழிலே அவள் தந்தையின் தலைப்பெழுத்து ஆங்கிலத்தில் 'சி' என்றிருக்க வேண்டும், 'எஸ்' என்றிருந்தது. மரவள்ளிக் காட்டிலே கூலிவேலை செய்யும் அவள் தாய் வந்து சொன்னார். நாம் என்ன சொன்னோம்? "பதிவேட்டில் இப்படித்தான் இருக்கிறது, அம்மா. சான்று கொண்டு வாருங்கள்." அவர் போனார்; அலைந்தார்; இரண்டு நாட்கூலி இழந்தார்; சான்றோடு வந்தார். திருத்துவதற்காகப் பழைய விண்ணப்பத்தை எடுத்தோம். அதிலே 'சி' என்றே இருந்தது! பதிவேட்டிலே 'எஸ்' என்று மாற்றி எழுதியிருந்த கையெழுத்து யாருடையது? நம்முடையது. சான்று அந்தத் தாயிடம் கேட்டோம். அது நம் அலமாரியிலேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்டபோது, "பரவாயில்லீங்க சார், எங்க தலையெழுத்து" என்றார். அவருடைய தலையெழுத்தா அது? நம் கையெழுத்தல்லவா!

கொடுமை செய்ய வேண்டுமென்று நாம் நினைக்கவில்லை. ஏடு என்று ஒன்று முன்னால் இருந்தது. மனிதர் என்று ஒருவர் எதிரே இருந்தார். ஏட்டை நம்புவது எளிதாக இருந்தது. மனிதரை நம்பினால் எழுந்து போய் அலமாரியைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் இப்படி ஒருவர் எழுந்திருக்காமல் இருந்தால், ஒரு கிழவரின் மஞ்சள் பை தேய்ந்து கிழியும். எல்லோரும் நல்லவர்களாக இருந்தே அநீதி நடக்கும் விதம் இதுதான்.

ஆகவே, நாம் கேட்பவை பெரியவை அல்ல. படைவீரன் பணியில் இருக்கும்போதே அவனுடைய ஏட்டின் படியை அவன் படிக்கும் மொழியில் அவன் கையில் கொடுங்கள். மனைவி மக்கள் பெயரையேனும் தாய்மொழியிலும் எழுதுங்கள். பிழை என்று வீரன் சொன்னால், முதலில் உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிறகு அவன் பையைத் திறக்கச் சொல்லுங்கள். பிறர் உரிமையைத் தொடாத திருத்தத்துக்குக் கெடு வைக்காதீர்கள். ஒரு சான்று இல்லையென்றால், வேறு எந்தச் சான்று ஏற்கப்படும் என்று பதிலிலேயே எழுதுங்கள். படைவீரர் வழக்குகளுக்கென 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் தீர்ப்பாயம் அமைந்திருக்கிறது. அதன் அமர்வு சென்னையிலும் உண்டு. ஆனால் ஓரெழுத்தைத் திருத்த வாழப்பாடியிலிருந்து சென்னைக்கு வழக்காட வேண்டும் என்பது நீதிக்கு அடையாளமன்று. அதற்கு முந்திய மேசைகளெல்லாம் தம் கடமையைச் செய்யவில்லை என்பதற்கே அடையாளம்.

பெரியவரின் கதைக்கு வருவோம். வேறு என்ன தாள் இருக்கிறது வீட்டிலே என்று கேட்டோம். ஒன்றுமில்லை என்றார். மறுநாள் அவர் வீட்டுக்கே போனோம். எதற்கு இதெல்லாம் என்று முணுமுணுத்துக்கொண்டே, அந்த அம்மையார் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். உள்ளே, கம்பியிலே குத்தி வைத்த மணியார்டர் கூப்பன்கள்! எல்லையிலிருந்து கணவன் மாதந்தோறும் அனுப்பிய பணத்தின் துண்டுச் சீட்டுகள். பத்தாண்டுக்கு மேற்பட்ட சீட்டுகள். ஒவ்வொன்றிலும் படை அஞ்சலகத்தின் முத்திரை. ஒவ்வொன்றிலும் கணவனின் கையெழுத்திலே, தமிழிலே, அந்தப் பெயர். ழகரத்தோடு, முழுமையாக!

எழுதப் படிக்கத் தெரியாதவர் அவர். ஆனாலும் ஒரு சீட்டையும் அவர் எறியவில்லை. ஏன் வைத்திருந்தீர்கள் என்று கேட்டோம். "அவர் எழுதின எழுத்து, எறிய மனசு வரலை" என்றார். அரசின் ஏட்டிலே அவர் இல்லை. அவருடைய பெட்டியிலே அரசின் முத்திரை இருக்கிறது!

கூப்பன்களைப் படியெடுத்து, வரிசைப்படுத்தி, ஊரார் மூவரின் சான்றோடு, உறுதிமொழித் தாளோடு விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. பள்ளி விடும் நேரத்துக்கு வந்து, திண்ணையோரம் நின்று கேட்டுவிட்டுப் போகிறார் பெரியவர். "நான் இருக்கும்போதே வந்திடுமா தம்பி?"

இளைஞர்களே, உங்கள் ஊரிலும் ஒரு மஞ்சள் பை இருக்கும். உங்கள் தெருவிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். மன்றத்திலே மணிக்கணக்காக வாதாடும் நாம், மாதத்தில் ஒரு மாலையை அந்தப் பெட்டிகளின் முன்னே உட்கார ஒதுக்கலாகாதா? பெயரைக் கேட்டு, இரண்டு முறை கேட்டு, எழுத்தைப் பார்த்து, ஒரு விண்ணப்பம் எழுதித் தரலாகாதா? நம்முள்ளே நாளை எழுத்தராகப் போகிறவர் இருக்கிறார். ஆசிரியராக, அதிகாரியாகப் போகிறவர் இருக்கிறார். அவர்களுக்கு ஒரு சொல். ஏட்டிலே ஒரு பெயரை எழுதுமுன் தலையை நிமிர்த்தி எதிரே நிற்பவரைப் பாருங்கள். எழுதியதும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பிழை என்று அவர் சொன்னால் அலமாரிக்கு எழுந்து நடங்கள்.

தலையெழுத்தை எழுதியவனை யாரும் கண்டதில்லை. ஆகவே திருத்தச் சொல்ல ஆளில்லை. தாளெழுத்தை எழுதியவர்கள் நாம். திருத்த மாட்டோம் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?